கரடியின் ரோமத்தை எண்ணாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியவர்களே, அந்தப் பெரியவர்களை இங்கே இழுத்து வந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"விலங்கு நண்பர்களின் கதை சொல்லும் குடும்பப் படத்துக்கு உயிர் தருவது கையால் வரைந்த கோடா, கணினி கட்டிய உருவமா?" இதுதான் தலைப்பு. நான் கோட்டின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கரடியைப் பற்றிச் சொன்னார். கணினியில் உருவான கரடி. அதன் உடம்பில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகக் காற்றில் அசைகிறதாம். மழை பெய்தால் நனைந்து ஒட்டிக்கொள்கிறதாம். அவையில் கைதட்டல் வந்தது. நானும்தான் தட்டினேன். பொய் சொல்லக் கூடாது, அது பெரிய வேலைதான். ஆனால் ஐயா, நமக்கு உயிருக்கு உயிரான ஒரு நண்பர் இருக்கிறார். அவரைப் பற்றி வீட்டில் சொல்லும்போது, "அவருக்குத் தலையில் இத்தனை ஆயிரம் முடி" என்றா சொல்கிறோம்? என் வயதில் இருக்கும் நண்பர் என்றால் எண்ணியே சொல்லிவிடலாம், அது வேறு விஷயம். அவர் சிரிப்பதைச் சொல்வோம், கோபம் வந்தால் மூக்கைத் தேய்ப்பதைச் சொல்வோம். மீதியைக் கேட்கிறவர் தானே கற்பனை செய்துகொள்வார். ஓவியர் செய்வதும் அதைத்தான்.

சரி, பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நடுவர் மணியடித்துவிடுவார். ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2012இல் பிரெஞ்சு மொழியில் வந்தது, 'எர்னெஸ்ட்டும் செலெஸ்டீனும்'. பெல்ஜியத்தைச் சேர்ந்த கேப்ரியேல் வின்சென்ட் என்ற ஓவியர் 1981 முதல் வெளியிட்ட படப் புத்தகங்களிலிருந்து பிறந்த படம். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே கரடிகளின் ஊர், கீழே பூமிக்கடியில் எலிகளின் ஊர். எலிக்கு முன்பல் போனால் பிழைப்பே போச்சு. அதனால் கரடிக் குட்டிகளுக்கு விழும் பல்லைத் திருடிவந்து எலிகளுக்குப் பொருத்துகிறார்கள். அந்தப் பல் பொறுக்கும் வேலைக்கு அனுப்பப்படும் அனாதை எலிக்குட்டி செலெஸ்டீன். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை, படம் வரையத்தான் ஆசை. எர்னெஸ்ட் தெருவில் பாட்டுப் பாடிப் பிழைக்கும் கரடி. குளிர்காலத் தூக்கம் கலைந்து பசியோடு வருகிறவன் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறான். உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறாள் செலெஸ்டீன். வாயில் போடப் போகிறான். அவளோ பேசியே தப்பிக்கிறாள், மிட்டாய்க் கடையின் கிடங்குக்கு வழிகாட்டுகிறாள். அங்கே தொடங்குகிறது நட்பு.

இந்தப் படத்தில் திரையின் ஓரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பல காட்சிகளில் ஓரம் வரைக்கும் ஓவியம் போகவே போகாது. நடுவில் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு தெருவிளக்கு. அப்புறம் நீர்வண்ணம் மெல்லக் கரைந்து வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை என்ன? பனியா, வானமா, காகிதமா? யாரும் சொல்வதில்லை. பார்க்கிற குழந்தையும் கேட்பதில்லை. அதற்குத் தெரியும்.

கணினியில் அப்படி விட்டுவைப்பது அவ்வளவு எளிதல்ல. அங்கே தரை வேண்டுமென்றால் தரையைக் கட்ட வேண்டும், சுவரைக் கட்ட வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கையும் வைக்க வேண்டும். கட்டாத இடம் அரைகுறை வேலை மாதிரி தெரியும். ஓவியத்தில் வரையாத இடத்துக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் வெறும் கணக்கு என்றே நினைக்கிறேன். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. ஓவியர்கள் வழக்கமாக ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு 12 ஓவியம். இந்தப் படம் சுமார் 80 நிமிடம், அதாவது 4,800 நொடி. ஒரே ஒரு உருவம் படம் முழுக்க அசைந்தால் 57,600 ஓவியம். நம்மிடம் இருப்பதோ கரடி ஒன்று, எலி ஒன்று, அவர்களைத் துரத்தும் இரண்டு ஊர்ப் போலீஸ். அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தாலும் தலை சுற்றுகிறது. உழைப்புக்கு மதிப்பெண் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும் கண் எரிய உழைப்பவர்கள்தான். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கோட்டை இழுத்தால் அதையே மறுபடி ஆயிரம் முறை இழுக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்ன செய்வார்? இந்தக் கோடு தேவைதானா என்று ஒரு முறைக்கு நாலு முறை யோசிப்பார். தேவையில்லாத பொத்தான் உதிரும், சட்டை மடிப்பு போகும், ரோமமும் போகும். கடைசியில் மிஞ்சுவது அந்தக் கரடியின் குணம் மட்டும்தான்.

இன்னொரு சாட்சி சொல்கிறேன், எர்னெஸ்ட் படத்துக்கும் 70 ஆண்டு முந்தைய சாட்சி. 1942இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி'. மான்குட்டி, முயல், ஸ்கங்க் என்ற நாற்றம் பீய்ச்சும் சின்ன விலங்கு என்று காட்டு நண்பர்களின் கதை. உண்மையான மான்குட்டிகளையே ஓவியர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி வரையப் பழகினார்கள். எலும்பு எங்கே மடங்குகிறது, காது எப்படித் திரும்புகிறது என்று படித்தார்கள். எல்லாம் சரி, காடுதான் சிக்கலாகிப்போனது. முதலில் இலை இலையாக, கிளை கிளையாக வரைந்து பார்த்தார்கள். அவ்வளவு இலைக்கு நடுவே மான்குட்டியைத் தேட வேண்டியிருந்தது! அப்போது டைரஸ் வாங் என்ற ஓவியர், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், சில சின்னச் சின்ன ஓவியங்களை வரைந்து காட்டினார். நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு. சுற்றிலும் மூடுபனி, ஈரம், வண்ணத் திட்டு. அந்தப் பனிக்குள்ளிருந்து மான் வந்தது. படம் முழுவதும் அந்த வழிக்கே திரும்பியது. இலைகளைக் குறைத்ததும் காடு பெரிதாகிவிட்டது. எதிரணி நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். குறிக்கப் பென்சில் இல்லையென்றால் நான் தருகிறேன், எங்கள் அணியில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்து, அந்தப் பக்கத்துத் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நீங்கள் கொண்டாடும் எர்னெஸ்ட் கரடியையே கணினித் திரையில்தானே வரைந்தார்கள்?" ஆமாம் அம்மா, பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வரைந்தார்கள், கட்டவில்லை. காகிதம் போய்த் திரை வந்தது. ஒவ்வொரு கோட்டையும் இழுத்தது கைதான். நீங்கள் இன்றைய உரையைக் கைபேசியில் தட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்காக உரையைக் கைபேசி எழுதியது என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

கை இழுப்பதால் என்ன கிடைக்கிறது என்றும் கேட்டார். ஒரே எலியை அச்சு அசலாக இரண்டு முறை யாராலும் வரைய முடியாது. ஒரு கோடு மயிரிழை தள்ளி விழும். அடுத்தது இந்தப் பக்கம் விழும். அடுத்தடுத்து ஓட்டினால் அந்தக் கோடு லேசாக நடுங்கும். எலி சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பிழைதான். அந்தப் பிழையில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி ஒன்று. வெளியே பனி கொட்டுகிறது, கரடியும் எலியும் காட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். செலெஸ்டீனுக்குக் குளிர்காலத்தை வரைய ஆசை. எர்னெஸ்ட் வயலின் வாசிக்கிறான். அவன் வாசிக்க வாசிக்க, அவள் வரைவது ஓவியமாக இல்லாமல் வெறும் வண்ணமாக, கோடாக, புள்ளியாக மாறித் திரை முழுக்க ஓடுகிறது. மரமும் இல்லை, வீடும் இல்லை. ஆனாலும் குளிர்காலம் வந்து, போய், இளவேனில் எட்டிப் பார்ப்பது புரிகிறது. வசனம் கிடையாது. "நாம் நண்பர்கள்" என்று யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. ஒருவர் வாசிக்கிறார், இன்னொருவர் வரைகிறார், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரு வீட்டில் சும்மா இருப்பதை இவ்வளவு அழகாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு அழகு, குழந்தைக்குப் பொறுமை இருக்காது" என்றார் எதிரணித் தலைவர். பத்து நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடும் என்றார். ஐயா, படம் ஓடும்போது வீட்டில் முதலில் கைபேசியை எடுப்பது யார்? மேற்கொண்டு பேசினால் என் வீட்டு வண்டவாளமும் வெளியே வரும்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயது. இந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. எனக்கும்தான். படம் முடிந்ததும் பொம்மை கேட்பாள் என்று பயந்தேன். அவள் காகிதம் கேட்டாள். ஒரு பெரிய வட்டம் போட்டாள், மேலே இரண்டு சின்ன வட்டம். "கரடி" என்றாள். "கண்ணே இல்லையேடா?" என்றேன். என்னை ஒரு அப்பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அது தூங்குது மாமா, சத்தம் போடாதே" என்றாள். குளிர்காலம் அல்லவா, கரடி தூங்கத்தானே செய்யும்! எனக்குத்தான் உறைக்கவில்லை. ரோமம் அசையும் கரடிப் படமும் அவளோடு பார்த்திருக்கிறேன். அதையும் வாய் பிளந்துதான் பார்த்தாள். ஆனால் அதை வரையலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது எங்கோ உட்கார்ந்து பெரியவர்கள் செய்தது. இது அவள் கைக்கும் எட்டுவது.

விருதுக் கணக்கும் பேசினார்கள். இந்தப் படம் 2014 ஆஸ்கர் விழாவில் போட்டியிட்டுக் கணினியில் உருவான 'ஃப்ரோஸன்' படத்திடம் தோற்றது என்றார்கள். தோற்றது உண்மை. பிரான்சின் சேசர் விருதை முந்தைய ஆண்டே வாங்கிவிட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 2003இலும் 2024இலும் அதே ஆஸ்கரைக் கையால் வரைந்த ஜப்பானியப் படங்கள் வாங்கியதையும் மறந்துவிட்டார்கள். போகட்டும், பதக்கத்தை எண்ணுவது ரோமத்தை எண்ணுவதைவிட அலுப்பான வேலை.

ஆனால் எதிரணி கடைசியாக வீசியது சாதாரண அம்பல்ல. 'ஃப்ளோ'. லாத்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கியது, 2025இல் ஆஸ்கர் வாங்கியது. வெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரே படகில் பூனை, நாய், எலி இனத்தில் பெரிதான கேப்பிபாரா, குரங்குக்கு உறவான லெமூர், பெரிய பறவை ஒன்று. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. முழுக்க முழுக்கக் கணினியில், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பிளெண்டர் மென்பொருளில் செய்தது. "இதைவிட மென்மையான விலங்கு நட்புப் படம் காட்டுங்கள்" என்று சவால் விட்டார்கள். நல்ல படம், நானும் ரசித்துப் பார்த்தேன். மறுக்க மாட்டேன். கையால் வரைந்து கழுத்தறுத்த படங்களும் நிறைய உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கை பட்டாலே பொன்னாகிவிடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பூனையின் உடம்பில் ரோமத்தை எண்ண முடிந்ததா உங்களால்? முடியாது. அங்கே இருப்பது ரோமம் அல்ல, தூரிகையால் தீற்றியது போன்ற திட்டுகள். கிட்டே போய்ப் பார்த்தால் முடிக்காமல் விட்ட ஓவியம் மாதிரி இருக்கும். கணினியைக் கையில் வைத்துக்கொண்டு, கணினி செய்யக்கூடியதை வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஓவியரின் பழைய புத்தி அது, டைரஸ் வாங் காட்டிலிருந்து இலையை உதிர்த்த அதே புத்தி. உங்கள் சாட்சியைக் கூண்டில் ஏற்றினீர்கள், அது எங்கள் பக்கம் பேசிவிட்டு இறங்கிவிட்டது.

கூண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. நடுவர் அவர்களே, எர்னெஸ்ட் படத்தின் கடைசியில் இரண்டு நீதிமன்றங்கள் வருகின்றன. மேலே கரடி நீதிபதி முன்னால் எலி நிற்கிறாள். கீழே எலி நீதிபதி முன்னால் கரடி நிற்கிறான். எலியும் கரடியும் நட்பாக இருக்கக் கூடாது என்பதுதான் இரண்டு ஊர்ச் சட்டமும். தீர்ப்பு வருவதற்குள் இரண்டு இடத்திலும் தீப்பிடிக்கிறது. கத்திக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் ஓடிவிடுகிறது. நீதிபதியை விட்டுவிட்டுத்தான். கடைசியில் எலி நீதிபதியைக் கரடியும், கரடி நீதிபதியை எலியும் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பரிசாக அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

இந்த அரங்கில் அப்படி எதுவும் நடக்காது, பயப்படாதீர்கள். நடந்தாலும் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட நான் இருக்கிறேன், எதிரணி அதற்குள் உங்கள் ரோமத்தை எண்ணிக்கொண்டிருக்கும். தீர்ப்பு உங்கள் கையில். கையில்தான் ஐயா, கணினியில் இல்லை. நன்றி, வணக்கம்.