சைப்ரஸ் மரச் சதுப்பில் இலையுதிர்காலப் படங்கள்: கேமராவுக்கு முன் படகைப் பாருங்கள்

(திரையில்: விடியலுக்கு முந்தைய கருநீல நீர், அதற்குள் நிற்கும் பருத்த அடிமரங்கள்)

இது கேடோ ஏரி. அமெரிக்காவில் டெக்சஸ், லூசியானா மாநிலங்களின் எல்லையில், டல்லாஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஏரி என்று சொன்னாலும் இதில் பெரும்பகுதி சதுப்புக் காடுதான். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை இங்கே கேமராவோடு வருபவர்கள் அதிகம். அவர்களுக்காகவே வழிகாட்டியோடு கூடிய புகைப்படப் பயணங்கள் நடக்கின்றன. அந்தப் பயணத்தில் என்ன நடக்கும், பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், தண்ணீரில் போன பிறகு கேமராவை எப்படி வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மரம். இதன் பெயர் பால்ட் சைப்ரஸ். ஊசியிலை மர வகைகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும். இந்த மரம் இலையை உதிர்த்துவிடும். உதிர்வதற்கு முன் பச்சை மங்கி, செம்மஞ்சளாகி, துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்து நிற்கும். அந்த நிறம் உச்சத்தில் இருப்பது இரண்டு வாரம் போலத்தான். நடுவில் பலத்த காற்றோடு மழை அடித்தால் அதுவும் குறைந்துவிடும்.

(திரையில்: கிளையிலிருந்து தொங்கும் சாம்பல் நிற இழைகள், பின்னால் சூரியன்)

கிளைகளில் தொங்குவது ஸ்பானிஷ் மாஸ். அன்னாசிக் குடும்பத்துச் செடி இது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழையிலும் காற்றிலும் கிடைப்பதை வைத்தே வாழ்கிறது. முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் வெறும் சாம்பல் திரள்தான். வெயில் பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு இழையும் தனியாக ஒளிரும். இங்கே சூரியனைப் பார்த்தபடி எடுத்த படங்கள் மற்ற படங்களைவிட நன்றாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. சைப்ரஸ் விதை தண்ணீருக்கு அடியில் முளைக்காது. ஈரமான, நீர் வடிந்த மண் வேண்டும். அப்படியென்றால், இன்று நீரில் நிற்கும் ஒவ்வொரு மரமும் அந்த இடத்தில் தரை தெரிந்த காலத்தில் முளைத்தது. இந்த ஏரியின் நீர்மட்டம் பலமுறை மாறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், இந்த ஏரியின் நீர் போய்ச் சேரும் ரெட் ஆற்றில் மைல் கணக்கில் அடைத்துக்கிடந்த மரக்கட்டைகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளியதால், ஜெஃபர்சன் ஊர் வரை நீராவிப் படகுகள் வந்துபோயின. 1873-இல் அந்த அடைப்பை நீக்கியதும் நீர் இறங்கிவிட்டது. 1914-இல் அணை கட்டி மறுபடி உயர்த்தினார்கள். 1971-இல் அதற்குப் பதிலாகப் புதிய அணை வந்தது. நடுநீரில் ஒற்றையாக நிற்கும் மரத்தைப் படமெடுக்கும்போது இது தெரிந்திருந்தால், அந்த மரத்தின் மேல் ஒரு மரியாதை வரும்.

சரி, இப்போது படகு.

இந்தக் காட்டுக்குள் கால் வைத்து நடக்க முடியாது. எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்பதையெல்லாம் படகை ஓட்டுபவர்தான் தீர்மானிக்கிறார். மரங்களுக்கு நடுவே போகும் வழிகளுக்கு எண் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தும் வழி தவறுவது எளிது. நீருக்கு அடியில் அடிக்கட்டைகளும், வேரிலிருந்து மேல்நோக்கி முளைத்த முண்டுகளும் மறைந்திருக்கும். இருட்டில் அவற்றுக்கு நடுவே புகுந்து, முதல் வெளிச்சம் விழும்போது சரியான இடத்தில் இன்ஜினை அணைத்து நிற்க உள்ளூர்க்காரர் வேண்டும். பேர்பெற்ற புகைப்படக்காரர் பாடம் நடத்துகிறார் என்பதைவிட, நல்ல படகோட்டி இருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆகவே பதிவு செய்யும்போது முதல் கேள்வி, ஒரு படகில் எத்தனை பேர்? மூன்று பேர் என்றால் அருமை, நான்கு பேர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஒருவர் கால் மாற்றி நின்றாலே எல்லோருடைய படமும் ஆடிவிடும். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகா என்று கேளுங்கள். விடியலுக்கு எவ்வளவு முன்னால் கரையை விட்டுக் கிளம்பும்? சூரியன் வந்த பிறகு கிளம்பும் பயணத்தால் பயனில்லை. லைஃப் ஜாக்கெட் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வழக்கமாகக் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. நடுப்பகலில் எடுத்த படங்களை உட்கார்ந்து பார்ப்பார்கள்.

(திரையில்: நீரின் மேல் எழும் மூடுபனி)

காலையின் பரிசு மூடுபனி. பகலில் சூடேறிய நீர் இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவில் மேலே உள்ள காற்று சட்டென்று குளிரும். நீரிலிருந்து எழும் ஆவி அந்தக் குளிர்காற்றில் பட்டுப் பனியாகிறது. அதனால் முந்தின நாள் வானிலை அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: மேகம் குறைவா, காற்று குறைவா, விடிகாலையில் குளிர் கூடுகிறதா. இலை நிறம் உச்சத்துக்கு வராத வாரத்திலும் நல்ல பனி கிடைத்தால் படம் கிடைத்துவிடும்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். மிதக்கும் படகில் ட்ரைபாட் (முக்காலி) வைத்து நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கும் படம், எடுக்க முடியாது. கேமரா அசையாவிட்டாலும் படகு அசையும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்காமல், வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். ட்ரைபாட்டில்தான் எடுக்க வேண்டும் என்றால் கேடோ ஏரி மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து ஒரு காலை முழுக்க எடுங்கள், அதுவும் நல்ல அனுபவம். பனி, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரை ஏமாற்றி, படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு வரை, கூட்டிப் பாருங்கள். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் விடியலின் நீலத்தைக் கேமராவே திருத்திவிடும். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுதாகத் திருப்பினால் நீரில் தெரியும் மரத்தின் பிரதிபலிப்பும் போய்விடும், கொஞ்சமாகத் திருப்பினால் போதும். அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் எல்லாம் குழம்பித் தெரியும். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. போன்ற லென்ஸால் இரண்டு மூன்று மரங்களைப் பிரித்தெடுப்பது எளிது.

பறவைகளைப் படகால் துரத்தாதீர்கள், முதலைகளுக்குத் தீனி போடாதீர்கள். அப்படிச் செய்யும் வழிகாட்டியாக இருந்தால் அடுத்த முறை அவரிடம் போகாதீர்கள்.

சொந்தக் கயாக் (சிறு துடுப்புப் படகு) கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2006-இல் இந்த ஏரியில் ராட்சத சால்வினியா என்ற மிதக்கும் செடி கண்டறியப்பட்டது. பிரேசிலைச் சேர்ந்தது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற பெயரில் நீர்நிலைகளை மூடியதும், இலங்கையில் தொல்லை கொடுத்ததும் இதே செடிதான். சூழல் ஒத்துவந்தால் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகும்; அது மூடிய நீரில் வெளிச்சமும் உயிர்வளியும் குறைந்துபோகும். கேரளத்தைப் போலவே இங்கும் இந்தச் செடியை மட்டும் தின்னும் ஒரு சிறு வண்டை வளர்த்து ஏரியில் விடுகிறார்கள், ஆனால் கடுங்குளிர் வந்தால் வண்டு மடிந்துவிடும். எனவே கரையேறியதும் கயாக்கிலும் துடுப்பிலும் ஒட்டிய செடியைத் துண்டுகூட விடாமல் எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய நீரை அங்கேயே வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு ஏரிக்கு எடுத்துப் போங்கள்.