இடது கையால் எழுதிய அதிசயக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மாடு பேசியது, வானத்திலிருந்து பால் மழை பெய்தது. யாராவது இப்படிச் சொன்னால் "சும்மா கதை அளக்காதே" என்போம். இதையெல்லாம் ஆண்டு போட்டுக் கணக்கெழுதிய ஒருவர், ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்தார். பெயர் கொன்ராட் லைகோஸ்தனீஸ்.

1518இல் அல்சாஸ் பகுதியின் ரூஃபாக்கில் பிறந்தபோது அவர் பெயர் வோல்ஃப்ஹார்ட். வோல்ஃப் என்றால் ஓநாய், ஹார்ட் என்றால் உறுதி. அதைக் கிரேக்கமாக்கி லைகோஸ்தனீஸ் என்று வைத்துக்கொண்டார். நம் பரிதிமாற் கலைஞர் ஞாபகம் வருகிறதல்லவா? பாசலில் இலக்கணம் கற்பித்தார், தேவாலயத்திலும் பணி செய்தார்.

ஒப்சேக்குவென்ஸ் என்ற ரோமானியர் தொகுத்த துர்ச்சகுனப் பட்டியலின் முன்பகுதி தொலைந்துபோயிருந்தது. மற்றப் பழைய நூல்களைத் துழாவி, விட்டுப்போன ஆண்டுகளை நிரப்பி 1552இல் அதைப் பதிப்பித்தார். அந்த ருசி அவரை விடவில்லை.

1554இல் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. எழுத்தே பிழைப்பான மனிதர்! இடது கையால் எழுதப் பழகினார். மூன்றே ஆண்டுகளில், உலகம் படைக்கப்பட்ட நாள் முதல் தம் காலம் வரையிலான அதிசயங்களைத் தொகுத்த பெரும் லத்தீன் நூல் அச்சில் வந்தது.

நூல் முழுக்க மரச்செதுக்குப் படங்கள், சுமார் 1500. இதில் ஒரு வேடிக்கை. அச்சகத்தில் இருந்த பழைய அச்சுக்கட்டைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒரு நூற்றாண்டின் வெள்ளத்துக்குப் போட்ட படமே இன்னொரு நூற்றாண்டின் வெள்ளத்துக்கும் வரும். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே பிள்ளையார் மாதிரி.

1479ஆம் ஆண்டுக் குறிப்பில், கூர்முனை உத்திரம் போல ஒரு வால்நட்சத்திரம் அரேபியாவில் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். கூடவே ஒரு படம். பார்த்தால் அசல் ராக்கெட்! பறக்கும் தட்டு அன்பர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். வரைந்தவருக்குத் தெரிந்தது உத்திரம், பார்க்கிற நமக்குத் தெரிந்தது ராக்கெட். கட்டை செதுக்கியவர் என்ன செய்வார், பாவம்.

நம்பினாரா என்றால், நம்பினார். அவருக்கு இவையெல்லாம் கடவுள் விடுத்த எச்சரிக்கைகள். ஆனாலும் எனக்கு அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. 1561இல் இறந்தபோது இன்னொரு பெருந்தொகுப்புக்கான குறிப்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த தியோடோர் ட்ஸ்விங்கர்தான் அவற்றை எடுத்து வளர்த்து, 1565இல் அச்சேற்றினார்.