வாதம் அடித்தால் எந்த டாக்டர் என்ன செய்வார்?

[காட்சி: பாம்பன் சாலைப் பாலம், கீழே விசைப்படகுகள்]

வணக்கம். திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை தொங்கிவிடுகிறது, பேச்சு குழறுகிறது. 'வாதம் அடிச்சிருச்சு' என்று நம் பக்கம் சொல்வோம். எந்த டாக்டரிடம் போகலாம் என்று நான்கு பேர் நான்கு பெயர் சொல்வார்கள். ஆனால் ஒரே டாக்டரால் முடிகிற வேலை இல்லை இது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. யோசிக்க நேரம் கிடையாது, 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் இருந்தால் கடலோரக் காவல் படை, 1554.

[காட்சி: அவசர சிகிச்சைப் பிரிவு]

முதலில் பார்ப்பவர் அவசர சிகிச்சை மருத்துவர். மூச்சு, பிரஷர் பார்ப்பார். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் வாதம் மாதிரியே காட்டும் என்பதால் விரலில் குத்தி அதையும் பார்ப்பார். அப்புறம் கேட்பார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

இந்தக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரவு பத்து மணிக்கு வலை விட்டுவிட்டு படகில் படுத்தவரை நான்கு மணிக்கு எழுப்பினால் கை வரவில்லை. நேரக் கணக்கு பத்திலிருந்துதான், நான்கிலிருந்து இல்லை. அதனால் கூட இருந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்.

[காட்சி: சிடி ஸ்கேன் அறை]

மூளையில் வந்தது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா? எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஆளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சிடி படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் சொல்வார். அதற்கு முன்பே வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவாக இருந்தால் கேடு.

அடைப்பு என்றால் நரம்பியல் மருத்துவர் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி முடிவெடுப்பார். பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அண்மையில் ஆபரேஷன் நடந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று துருவிக் கேட்பார். பிரஷர் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காக நீங்களே பிரஷர் மாத்திரை கொடுக்க வேண்டாம். ஊசி போடாத அடைப்பு நோயாளிக்கு 220/120 வரைகூடப் பொதுவாகக் குறைக்காமல் விட்டுவைப்பார்கள், ரத்த ஓட்டம் இன்னும் குறைந்துவிடக் கூடாது என்று.

பெரிய குழாய் அடைப்பு என்றால் தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியையே வெளியே இழுத்தெடுக்கும் நிபுணர் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம்; ஸ்கேனில் மூளை இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரை.

[காட்சி: வரைபடம், ராமேஸ்வரம் முதல் மதுரை வரை]

'நேரா மதுரைக்கு விடுப்பா' என்று வண்டியை விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ஊசிக்கான நேரத்தில் பாதிக்கு மேல் சாலையிலேயே போய்விடும். வழியில் சிடி எடுத்து ஊசி போட வசதியுள்ள ஆஸ்பத்திரி இருந்தால் அங்கே போட்டுவிட்டு, தேவைப்பட்டால் மேலே அனுப்புவது நல்லது.

கசிவு என்றால் மூளை அறுவை நிபுணரும் பார்ப்பார். எல்லாக் கசிவுக்கும் ஆபரேஷன் கிடையாது. பலரை ஐசியுவில் பிரஷரைக் கட்டுப்படுத்தியே கவனிப்பார்கள். அடைப்பு வந்தவருக்கு, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ரத்தக்கட்டி உருவானதா என்று இதய மருத்துவர் தேடுவார்.

[காட்சி: தண்ணீர் டம்ளர், மேலே சிவப்புக் கோடு]

பயந்துபோய் ஒரு மடக்கு தண்ணீரோ காபியோ கொடுப்போம் இல்லையா? வேண்டாம். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் வாயில் எதுவும். பேச்சுப் பயிற்சியாளரின் வேலையில் இதுவும் ஒன்று.

இயன்முறை மருத்துவர் வார்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் எண்ணெயையும் புறா ரத்தத்தையும் தேடி ஓடாமல், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சையைக் கேளுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்குகிறார், யாரிடமும் பேசுவதில்லை, பயிற்சிக்கு வர மறுக்கிறார் என்றால் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. மறுபரிசோதனைக்குப் போகும்போது மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.