பகலில் கடல், ராத்திரி மேடை: எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் வந்து மணலில் உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நாடகக்காரன் நாடகத்தை மட்டுமே நம்ப வேண்டும், பகலில் ஒரு வேலை ராத்திரி ஒரு வேஷம் என்று அலைந்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான் என்று எதிரணி பேசி அமர்ந்திருக்கிறது. பகல் வேலைதான் கலைஞனைக் காக்கும் என்பது எங்கள் கட்சி. ஆனால் எந்த வேலை, எந்தத் தேதி என்று கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒத்திகைக்கு நேரம் ஏது என்று கேட்டார்கள். ஐயா, திருவிழாவில் ராத்திரி முழுக்க ஆடும் நம்ம ஊர் ஸ்பெஷல் நாடகத்துக்குக் கூட்டு ஒத்திகையே கிடையாதே! நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்கவைக்கும் பபூன் ஒரு ஊர். தனித்தனியாக டேட், அதாவது ஆட வரும் தேதி, கொடுத்து, அன்றைக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துவைத்த பாடமும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால்தான் இது நடக்கிறது. தேவைப்படுவது தனிச் சாதகம். தினம் ஒரு மணி நேரம், அதுவும் ஒரே நேரத்தில் செய்தால் போதும். வேலை பார்க்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காதா?

இப்போது தேதிக்கு வருகிறேன், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேருகின்றன. அப்படியென்றால் செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு என்று நாலு ராத்திரி கையில் இருக்கிறதே என்று தோன்றும். இல்லை. செவ்வாய் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் புதன் விடியலில் முடியும். அந்தக் காலையிலேயே கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் படகேற வேண்டும். வெள்ளி ராத்திரி ஆடினால் சனி காலை, ஞாயிறு ராத்திரி ஆடினால் திங்கள் காலை, அதே கதை. மறுநாள் தூங்க இடம் இருப்பது வியாழன் ராத்திரிக்கு மட்டும். ஆகவே, தொழில் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒரு டேட், அதுவும் வியாழன். அதற்கு மேல் வாங்கினால், கண் அசந்த நேரத்தில் வலை இழுக்கும் வின்ச்சில் கை போகும்.

அப்படியானால் பிழைப்பு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும். அது கிட்டத்தட்ட சித்திரையும் வைகாசியும் முழுசாக! ஊர் ஊராகக் கொடை, பொங்கல், திருவிழா என்று நாடகம் வைக்கும் மாதங்கள் அவைதானே? வலை ஓய்கிற நாளில் மேடை விழிக்கிறது. இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன வேண்டும்? நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அதில் போகிறவர்கள் மட்டும் தங்கள் தொழில் நாளைத் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வேலையும் ஒத்துவரும் என்று நாங்கள் சொல்லவில்லை. பனையேறுகிறவருக்கும் வாலிநோக்கம் உப்பளத்தில் வாருகிறவருக்கும் வேலை உச்சத்தில் இருப்பது இதே கோடையில். கண்விழித்த மறுநாள் பனை ஏறுவது உயிரோடு விளையாடுவது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. சாயல்குடிப் பக்கம் விறகை மண்பூசி மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவரும் மூட்டம் புகையும் நாட்களில் நகர முடியாது. மண்பூச்சில் ஒரு வெடிப்பு விட்டால் காற்று புகுந்து விறகு சாம்பலாகிவிடும். கரிமூட்டக்காரர்கள் மூட்டம் பிரித்த பிறகு, சீசனின் கடைசியில் டேட் வாங்கலாம்.

வேஷத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வள்ளி திருமணத்தில் பபூன், டான்ஸ் பகுதி முதலில் வந்துவிடும். நாரதர் தர்க்கம் நள்ளிரவுக்கு மேல், வேலன் வேடனாகவும் விருத்தனாகவும் வருவது விடியலை ஒட்டி. காலையில் ஆபீஸ் போகிறவர் பபூன் கட்டினால் மூன்று மணி நேரமாவது தூங்கலாம். ஆனால் அந்தத் தூக்கத்தைக் கோயில் மண்டபத்திலேயே தூங்கிவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த கையோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் பைக்கை எடுக்கவே கூடாது.

குரலைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், நியாயமான கவலை. படகு எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவது தொண்டைக்குப் பெருங்கேடு. டேட் இருக்கும் வாரம் கைச்சைகையில் வேலை வாங்கிப் பழக வேண்டும். மேடையில் ஆர்மோனியம் வாசித்துக் கூடவே பாடும் பின்பாட்டுக்காரரிடம் சுருதியை அரைக் கட்டை குறைத்து வைக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. பத்து மணிக்கு ஐந்து கட்டை எட்டுகிற குரல் நாலு மணிக்கு எட்டாது. சுருதியை விடியற்கால குரலுக்கு வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் அடுப்பெரிய வழியில்லாமல் முன்பணம் வாங்கிய கலைஞர், பங்குனி பிறந்ததும் சொன்ன தேதிக்கு, சொன்ன கூலிக்குப் போயே ஆக வேண்டும். தொண்டை கட்டியிருந்தாலும் போக வேண்டும், மரியாதை இல்லாத மேடைக்கும் போக வேண்டும். வாரக்கூலி ஒன்று வீட்டில் விழுந்தால், 'இந்த டேட் வேண்டாம்ணே' என்று அவர் வாயால் சொல்ல முடியும்.

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கில் நாடே அடைபட்டபோது பங்குனி மாதம், சீசன் அப்போதுதான் சூடு பிடிக்கிற நேரம். வாங்கிய டேட் அத்தனையும் போனது. மேடையை மட்டுமே நம்பச் சொல்லும் எதிரணி நண்பர்கள், அந்தப் பங்குனியில் நம் ராஜபார்ட்டும் பின்பாட்டுக்காரரும் எதை வைத்து அரிசி வாங்கியிருக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.