பட்டுப்புழு, மெழுகுதிரி வரிகள் ஆசிரியருக்காக எழுதியதா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்கிறார்: ஆசிரியர் தின வாழ்த்து ஒன்று வந்ததாம், அதில் "பட்டுப்புழு சாகும் வரை நூல் தீராது, மெழுகுதிரி சாம்பலாகும் வரை கண்ணீர் வற்றாது" என்று இரண்டு வரி, கீழே "ஆசிரியரின் தியாகத்தைப் பாடிய பழைய சீனக் கவிதை" என்று குறிப்பு. இது உண்மையிலேயே ஆசிரியருக்காக எழுதியதா?

இல்லைங்க. தாங் அரச மரபு காலத்துச் சீனக் கவிஞர் லி ஷாங்யின் 9ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. கவிதைக்குத் தலைப்பே கிடையாது, "தலைப்பில்லாதது" என்றே பெயர். தொடக்கமே "சந்திப்பதும் அரிது, பிரிவதும் அரிது" என்றுதான் வரும், உங்கள் இரண்டு வரியைத் தாண்டிப் போனால் ஒரு பெண் காலையில் கண்ணாடி பார்த்து, மேகம் போன்ற கூந்தல் நிறம் மாறுகிறதே என்று கவலைப்படுகிறாள், கடைசியில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து வர ஒரு நீலப் பறவையைக் கவிஞர் தூது விடுகிறார். இதில் வகுப்பறை எங்கே இருக்கிறது? பிரிந்தவர்களின் ஏக்கம்தான் முழுக்க. அந்தப் பட்டு நூலிலேயே ஒரு சிலேடை உண்டு. பட்டு இழைக்குச் சீனத்தில் "ஸி", ஒருவரை நினைத்து ஏங்குவதற்கும் "ஸி", எழுத்து வேறு, ஓசை ஒன்று. அதாவது சாகும் வரை என் நினைப்பு தீராது என்கிறார். மொழிபெயர்த்தால் இது அப்படியே கொட்டிப்போகிறது, அதனால்தான் உழைப்பு, தியாகம் என்று மட்டும் நமக்குக் கேட்கிறது.

ஆனால் வாழ்த்து அனுப்பியவரைக் குறை சொல்ல மாட்டேன். சீனாவிலேயே இந்த வரிகளை ஆசிரியருக்குச் சொல்வது நெடுநாள் வழக்கம். அங்கே 1985 முதல் செப்டம்பர் 10 ஆசிரியர் தினம், அன்றைக்கு இந்தப் புழுவும் திரியும் வராமல் இருக்காது. கோங் ஸிஜென் என்ற கவிஞர் 1839இல் பதவியை விட்டு பெய்ஜிங்கிலிருந்து கிளம்பியபோது எழுதிய "உதிர்ந்த பூ இரக்கமற்றதல்ல, மண்ணாகிப் பூவைக் காக்கும்" என்ற வரிக்கும் இதே கதைதான். தன் மனநிலையைப் பாடினார், ஜனங்கள் அதை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டும். கவிஞரே ஆசிரியருக்காக எழுதினார் என்று சொல்லும்போதுதான் தப்பு.

அப்புறம், பிறரை வளர்த்து ஆளாக்கியவருக்கென்றே எழுதியது வேண்டும் என்றால் தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜூயி இருக்கிறார். தலைமை அமைச்சராக இருந்த பெய் தூவுக்கு லுவோயாங்கில் ஒரு மாளிகை, பெயர் பசும்புல்வெளி மண்டபம். அவர் அங்கே பூச்செடி வைத்ததைப் பார்த்து பாய் எழுதுகிறார்: உங்கள் பீச் மரங்களும் பிளம் மரங்களும் உலகெங்கும் நிறைந்திருக்க, வாசலில் இன்னும் எதற்குப் பூச்செடி? பீச், பிளம் என்றால் சீனத்தில் ஒருவர் வளர்த்து ஆளாக்கியவர்கள். பெய் தூ பள்ளி ஆசிரியர் இல்லை, அவர் கைதூக்கிவிட்ட ஆட்களைத்தான் சொல்கிறார், ஆனாலும் இன்றைக்கும் ஓய்வு பெறும் ஆசிரியரிடம் "உங்கள் பீச்சும் பிளம்மும் உலகெங்கும்" என்று சொன்னால் அதைவிட மரியாதை இல்லை.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஜெங் ஷியேயின் மூங்கில் கவிதை. 18ஆம் நூற்றாண்டு, வாழ்நாள் முழுக்க மூங்கில் வரைந்த ஓவியர். "புது மூங்கில் பழைய மூங்கிலைவிட உயரம், எல்லாம் பழைய தண்டு தாங்கியதால்தான்." மூங்கில் புதரைக் கிட்டப்போய்ப் பார்த்தவருக்கு இது தெரியும். இந்த வருடம் மண்ணைப் பிளந்து வந்த குருத்து சில வாரத்தில் தன் முழு உயரத்தை எட்டிவிடும், இலை விரிவதற்கு முன்பே! அவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மண்ணுக்கடியில் பின்னிக் கிடக்கும் கிழங்கு வழியாக, பக்கத்திலிருக்கும் பழைய தண்டுகளிடமிருந்து. கவிதையில் பழைய மூங்கில் சாம்பலாவதில்லை, அங்கேயே நிற்கிறது, அடுத்த வருடம் வரப்போகும் குருத்துக்காகவும். ஆசிரியர் எரிந்து தீர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பாட்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அடுத்த முறை உங்கள் ஆசிரியருக்கு அனுப்புவதானால் அந்த மூங்கில் வரிகளைப் போடுங்கள், கீழே ஜெங் ஷியே என்று பெயரும் போடுங்கள். ஜெங் பான்சியாவ் என்று எங்காவது பார்த்தால் குழம்ப வேண்டாம், இவரேதான்.