ஜாப்ளின் காதில் விழாத வாத்தியங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இசைத்தட்டைப் போடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன நேரத்தில் நான் முடித்ததாக இந்த வட்டத்தின் சரித்திரத்தில் இல்லை. இன்று முயற்சி செய்கிறேன்.

என் கையில் இருப்பது 'ட்ரீமனிஷா'. அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் எழுதிய ஆப்பரா. கதை முழுவதையும் பாட்டாகவே நடத்திக்கொண்டு போகும் மேடை நாடகம் என்று புதியவர்கள் வைத்துக்கொள்ளலாம். அது முழுசாகப் பதிவானது இந்தத் தட்டில்தான் முதல்முறை. 1976-இல் டாய்ச் கிராமோஃபோன் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் இறந்தது 1917-இல். நடுவில் 59 வருடம் ஓடிவிட்டது.

ஜாப்ளினை நமக்குப் பியானோக்காரராகத் தெரியும். 'தி என்டர்டெய்னர்' மெட்டைப் பெயர் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். 1899-இல் வந்த 'மேப்பிள் லீஃப் ராக்' என்ற பியானோ மெட்டு, அச்சடித்த இசைக்குறிப்பாக நன்றாக விற்றது. பிரதிக்கு ஒரு சென்ட் வீதம் அவருக்குக் கிடைத்தது. மனுஷன் அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆப்பராதான் எழுதுவேன் என்று நின்றார்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவர் வளர்ந்த டெக்சர்கானா ஊருக்குப் போகவேண்டும், அமெரிக்காவின் தெற்கே டெக்சஸ், ஆர்கன்சா எல்லையில் இருக்கிறது. அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அம்மா ஃப்ளாரன்ஸ் வெள்ளைக்காரர் வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். அம்மா தரை துடைக்கும் நேரத்தில் பையன் அந்த வீட்டுப் பியானோவில் பழகினான். பிறகு யூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஆப்பரா என்று ஒன்று இருப்பதைக் காட்டியவரும் அவர்தான்.

இப்போது கதையைக் கேளுங்கள். 1884, டெக்சர்கானா பக்கத்தில் ஒரு தோட்டம். நெட், மொனிஷா என்று பிள்ளையில்லாத தம்பதி. ஒரு மரத்தடியில் குழந்தையைக் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். அவள்தான் ட்ரீமனிஷா. ட்ரீ என்றால் மரம், கூட வளர்ப்புத் தாயின் பெயர். சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. மொனிஷா ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் போய், துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன், என் வீட்டுக்காரர் விறகு வெட்டித் தருவார், எங்கள் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறாள். இதை அச்சுப் பிரதியின் முன்னுரையிலேயே ஜாப்ளின் எழுதியிருக்கிறார். ஃப்ளாரன்ஸை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் படிக்க முடிவதில்லை.

அப்புறம் கதை வேகம் பிடிக்கிறது. அதிர்ஷ்டப் பை விற்கும் மந்திரவாதி ஒருவன் வருகிறான். நம்மூர்த் தாயத்து வியாபாரம்தான். படித்த பெண் அவனை விரட்டுகிறாள். அவன் கூட்டத்தார் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளவிக்கூட்டில் தள்ளப் பார்க்கிறார்கள். அவளிடம் பாடம் படித்த ரீமஸ், சோளக்கொல்லைப் பொம்மை வேஷத்தில் போய் நிற்கிறான். பிசாசு என்று பயந்து கூட்டம் ஓடிவிடுகிறது. பிடிபட்டவர்களை அடிக்கக் கை ஓங்கிய ஊராரை அவள் தடுக்கிறாள். கடைசியில் அவளையே தலைவியாக இருக்கச் சொல்கிறார்கள். வசனம் சில இடங்களில் பள்ளி ஆண்டுவிழா நாடகம் போல இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை 1920-இல்தான் வந்தது. இவர் எழுதியது 1911.

பதிப்பாளர் யாரும் சம்மதிக்கவில்லை. 230 பக்கத்தையும் சொந்தக் காசில் அச்சடித்தார். பாட்டும் பியானோவும் மட்டும் உள்ள பிரதி அது. மேடையேற்றப் பணம் தேடி அலைந்து, 1915 வாக்கில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு முறை நடத்திக் காட்டினார். திரை கிடையாது, வேஷம் கிடையாது, ஆர்கெஸ்ட்ரா கிடையாது. அத்தனை வாத்தியத்துக்கும் ஈடாக அவரே பியானோவில் உட்கார்ந்தார். வந்தவர்கள் சும்மா கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். இரண்டு வருடத்தில் மனநல மருத்துவமனையில் இறந்தார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் அவர் கல்லறைக்கு 1974 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

அச்சடித்ததால்தான் இது பிழைத்தது. இதற்கு முன் 1903-இல் 'எ கெஸ்ட் ஆஃப் ஹானர்' என்று ஓர் ஆப்பரா எழுதி, ஊர் ஊராகக் குழுவோடு கிளம்பினார். வசூல் பணம் திருட்டுப் போய்ச் சுற்றுப்பயணம் நின்றது. அதன் ஒரு பக்கம்கூட இன்று கையில் இல்லை.

1971-இல் நியூயார்க் பொது நூலகம் ஜாப்ளினின் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் 'ட்ரீமனிஷா' பலர் கைக்குப் போனது. மறு வருடம் ஜனவரியில் அட்லாண்டாவில் முதல் முழு மேடையேற்றம். 1975-இல் ஹியூஸ்டன் கிராண்ட் ஆப்பரா என்ற குழு எடுத்துச் செய்தது. அங்கிருந்து நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வே, அங்கிருந்து இந்தத் தட்டு. ட்ரீமனிஷாவாகக் கார்மென் பால்த்ராப் பாடுகிறார், மொனிஷாவாக பெட்டி ஆலன், நெட்டாக வில்லர்ட் வைட். 1976-லேயே அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சரின் குழு ஜாப்ளினுக்குச் சிறப்பு விருதும் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. ஜாப்ளின் எழுதிய ஆர்கெஸ்ட்ரா ஏடுகள் தொலைந்துவிட்டன. நாம் கேட்கப்போகும் வயலினும் ட்ரம்பெட்டும் நடத்துநர் குந்தர் ஷுல்லர் பியானோப் பிரதியை வைத்துக்கொண்டு அமைத்தவை. கொஞ்சம் பகட்டு கூடிவிட்டது என்பது என் கட்சி. ஜாப்ளின் காலத்து நாடகக் கொட்டகை போல 12 வாத்தியத்தோடு ரிக் பெஞ்சமின் என்ற நடத்துநர் செய்த பதிவு 2011-இல் வந்தது. அது அவர் மனதில் இருந்ததற்குப் பக்கத்தில் போகிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் குறை சொல்லத் தோதாக எதிரே ஒன்று இருந்ததே இந்த மஞ்சள் லேபிள் தட்டால்தான். முதல் பதிவுக்கு அந்த மரியாதையாவது தரவேண்டும்.

தொலையாத ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். கடைசிப் பாட்டு 'எ ரியல் ஸ்லோ டிராக்'. ஊரே ஆடும் ஆட்டம். அதற்கு எப்படிக் கால் வைக்கவேண்டும் என்று பிரதியிலேயே ஜாப்ளின் எழுதி வைத்திருக்கிறார். முன்னால் போகும்போது இடது காலை இழுக்கவேண்டும், பின்னால் வரும்போது வலது காலை. வலப்பக்கம் நகர்ந்தால் இடது கால், இடப்பக்கம் நகர்ந்தால் வலது கால். ஆட ஆள் கிடைக்காதவர் ஆட்டத்துக்கு எழுதிய குறிப்பு இது. நேற்று ராத்திரி கூடத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே செய்து பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனால் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

சரி, நாலாவது பக்கத்தை முதலில் போடுங்கள் தம்பி. ஊசியை மெதுவாக வையுங்கள், ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது.