ஹுவே நகரத்தில் ஒரு பௌர்ணமிச் சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

வியட்நாமில் காய்கறிக்குக் குறைவே இல்லை. ஆனாலும் 2023 ஆகஸ்டு இறுதியில் அங்கே போன முதல் மூன்று நாளும் நான் பழத்தைத் தின்றே பொழுதைத் தள்ளினேன். வள்ளைக்கீரை வதக்கல் கேட்டால், அதிலும் நுவோக் மாம் விட்டிருப்பார்கள். நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு அது. அவர்கள் சமையலில் அது உப்பு மாதிரி.

நான்காம் நாள் ஹுவே நகரம். 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகரம். பௌத்த விகாரைகள் நிறைந்த ஊர். ஆற்றையொட்டிய சந்து ஒன்றில் 'சாய்' என்று எழுதிய பலகையைப் பார்த்தேன். மீன், இறைச்சி சேராத பௌத்த உணவுக்கு அந்தப் பெயர். நோன்பை இறுக்கமாகப் பிடிப்பவர்கள் வெங்காயம், பூண்டையும் விட்டுவிடுவார்கள். அமாவாசையன்று என் அம்மா சமைத்ததும் அப்படித்தான்.

நான்கே மேசை. அடுப்படியில் ஒரு பாட்டி, பரிமாற அவருடைய மகள், பாத்திரம் கழுவ மருமகன். பேரன் மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

முதலில் வந்த தட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பலாப்பிஞ்சை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வறுத்த எள்ளும் வாசனை இலைகளும் சேர்த்துப் புரட்டியிருந்தார்கள். கூடவே தணலில் சுட்ட, எள் பதித்த பெரிய அரிசி அப்பளம். அதை ஒடித்து, அந்தத் துண்டாலேயே பலாவை அள்ளிச் சாப்பிட வேண்டும். அப்பளம் நொறுங்க, பலா மெத்தென்று இறங்கியது. பலாப்பிஞ்சைப் பொரியலாகவும் கூட்டாகவும் தின்று வளர்ந்தவள் நான். அதற்கு இப்படி ஒரு ருசி உண்டென்று அன்றுதான் அறிந்தேன். பிறகு எலுமிச்சைப்புல் மணக்கும் காளான் சாற்றில் தடித்த அரிசிச் சேவை வந்தது. அதுவும் நன்றாக இருந்தது, ஆனால் மனம் பலாவிலேயே நின்றுவிட்டது.

பாட்டி என்னைக் 'கோன்' என்று அழைத்தார். பிள்ளை என்று பொருளாம். முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லித்தான் அங்கே கூப்பிடுகிறார்கள்.

மறுநாளும் போனேன். ஆகஸ்டு 30, பௌர்ணமி. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் உண்பவர்களில் பலரும் அங்கே சைவம் சாப்பிடுவார்கள். அன்றோ ஏழாம் மாதத்துப் பௌர்ணமி, 'வூ லான்' என்று பெற்றோரை நினைக்கும் நாள். நடைபாதை வரை முக்காலி போட்டிருந்தார்கள். தாய் இருப்பவர் சிவப்பு ரோஜாவும், தாயை இழந்தவர் வெள்ளை ரோஜாவும் குத்திக்கொள்வது வழக்கம். ஹுவேயில் பிறந்த துறவி திக் நியாட் ஹான் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையால் பரவியது அது. மகளிடம் சிவப்பு இருந்தது, பாட்டியிடம் வெள்ளை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஆடி அமாவாசை. ஊரில் அண்ணன் அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்திருந்தார்.

பாட்டி கூடையை என் முன் நீட்டினார். நான் வெள்ளையைத் தொட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பில் அதைக் குத்திவிட்டு, உள்ளே போய் இன்னொரு தட்டு பலாப்பிஞ்சு எடுத்துவந்தார்.